பரணுக்குக் கொஞ்சம் புகை

போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், தன் தாயாரின் இருமலைப் பற்றிச் சொல்லிவிட்டு என்னிடம் யோசனை கேட்டார். எந்த ஸ்டவ் வாங்கலாம், அடுப்புக்குப் புகைக்குழாய் வைத்தால் போதுமா, மேஜை விசிறி உதவுமா என்றெல்லாம் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஆனால் முகம் தெரியாத ஆளிடம் பேச வாய் வரவில்லை. "டாக்டர்ட்ட கேளுங்க" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தபின் அது மனதை உறுத்தியது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் சுலபம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

இதை எழுதுகிற இந்த நேரத்தில் என் மனைவி நாயகி ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இன்று அவளுக்கு மூச்சு பரவாயில்லை. இப்படிப்பட்ட நாளில் எழுதினால்தான் உண்டு.

எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குக் கிழக்கே இருக்கிறது. மழை பெய்தால் கடலையும் சோளமும் கேழ்வரகும் விளையும், குளம் நிறைந்த வருடம் கொஞ்சம் நெல்லும். ஒரே மகளைக் கொடும்பாளூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டோம். அதன்பின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்த வீட்டில் என் அக்கா காளியம்மாள் இருக்கிறாள். புருஷனை இழந்தவள். நான் பேச வேண்டியதையும் சேர்த்துச் சின்ன வயதிலிருந்து அவளே பேசிவிடுவாள்.

எங்கள் அடுப்படியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வீட்டின் பின்புறம் தாழ்வாரமாக இறக்கிய ஒரு சிறிய அறை. ஜன்னல் கிடையாது. மூங்கில் வரிச்சின் மேல் நாட்டு ஓடு. புகை ஓட்டு இடுக்கு வழியாக மெல்ல மெல்லத்தான் வெளியே போகும். அடுப்புக்கு நேர் மேலே ஒரு மூங்கில் பரண். அதில்தான் விதைகள் இருந்தன. சோளக் கதிர்களை நாயகி கட்டுக் கட்டாகத் தொங்க விட்டிருப்பாள். அவரை, பூசணி, பீர்க்கு, கத்தரி விதைகள் எல்லாம் துணி முடிச்சுகளாகவும் சுரைக்குடுக்கைகளாகவும் இருக்கும். தினம் அடுப்புப் புகை பட்டால் விதையில் வண்டு விழாது, அந்துப்பூச்சி பறக்காது. ஊரில் எல்லா வீட்டிலும் பரண் உண்டு. ஆனாலும் நாயகியின் பரண் விதைதான் முளைக்கும் என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள். முடிச்சைக் கையில் வாங்கியதும் அவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள். மூக்கில் வைத்து முகர்ந்து பார்ப்பார்கள். புகை வாசம் ஆழமாக ஏறியிருந்தால் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். அவள் அதற்குக் காசு வாங்கியதில்லை. விளைந்ததில் ஒரு கை திருப்பிக் கொடுத்தால் போதும் என்பாள்.

அந்தப் புகைக்குள்தான் அவளும் இருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருந்தாள்.

அவளுடைய நோய் எங்களுக்கு நோயாகத் தெரியவில்லை. குளத்திலிருந்து குடத்தோடு வருகிறவள் வழியில் ஒரு இடத்தில் இறக்கிவைத்துவிட்டு நிற்பாள். பிறகு இரண்டு இடத்தில் நின்றாள்.

"என்னடி, கொடத்துக்குக் கால் வலிக்குதா?" என்று அக்கா கேலி செய்வாள்.

"ஆமா மதினி, கொடத்துக்கு வயசாயிருச்சு" என்பாள் நாயகி.

மார்கழியில் இருமல் வரும், மாசியில் போய்விடும். ஒரு வருடம் மாசி வந்தும் போகவில்லை. கம்பவுண்டர் கொடுத்த இருமல் மருந்தைக் குடித்தாள். கணுக்கால் வீங்கியது. உதடு நாவல்பழம் தின்றவள் உதடு போல இருந்தது. ஒரு நாள் காலையில், "சோறு" என்று சொல்லி நிறுத்தினாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் "வடிச்சிட்டேன்" என்றாள். இரண்டு வார்த்தைக்கு நடுவில் அவ்வளவு தூரம் இருந்ததை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அன்றைக்கே அக்காவையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். எங்கள் ஊருக்குக் கரண்டு வந்த வருடம் அது.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை. நாயகியால் நிற்க முடியவில்லை. முன்னால் நின்ற ஒரு அம்மாள் தன் வெற்றிலைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தாள். யார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு உடனே வார்டில் சேர்க்கச் சொன்னார். ஊசி போட்டார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளையை உருட்டி வந்து, அதிலிருந்து ரப்பர் குழாயை அவள் மூக்கில் வைத்தார்கள். அதற்குள் இருப்பது சுத்தமான பிராணவாயு என்றும், வெளிக்காற்றை இழுத்து அதிலிருந்து எடுத்துக்கொள்ள இவளுடைய நுரையீரலுக்குத் தெம்பு போதவில்லை என்றும் நர்ஸ் சொன்னார். படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு ஸ்டூலில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடி உட்கார்ந்தே தூங்கினாள். நான் முதுகைத் தாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பேன். வார்டில் எல்லோரும் தூங்கியபின் அந்த உருளையில் மாட்டிய தண்ணீர்ப் புட்டியில் குமிழி விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன்.

எக்ஸ்ரே எடுப்பதற்கு நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்க வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். இழுத்தாள். பிடித்துவைக்க முடியவில்லை. படம் கலங்கிவிட்டது. மறுபடியும் எடுத்தார்கள். பிறகு சளிப் பரிசோதனை. காலையில் முதலில் வருகிற சளியை மூடி போட்ட கோப்பையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். சயரோகக் கிருமி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.

சயரோகம் என்ற சொல் வந்ததுமே அக்கா நாயகிக்குத் தனியாக ஒரு டம்ளர் வாங்கி வந்து வைத்தாள். நாயகி அந்தப் புது டம்ளரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அந்த டம்ளரில் அவள் குடித்து மிச்சம் வைத்த காப்பியை நான் எடுத்துக் குடித்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் அந்த டம்ளர் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மூன்று பேருக்கும் ஒரே டம்ளரில் அக்காவே காப்பி ஆற்றிக் கொடுத்தாள்.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. டாக்டர் எங்களை அழைத்தார்.

"பீடி, சுருட்டு உண்டா இந்த அம்மாவுக்கு?"

அக்கா சொன்னாள்: "வெத்தலை போடுவா. பீடி இவன்கூடக் குடிக்க மாட்டான். கடையில போயி ஒரு பீடி குடுன்னு கேக்க வெக்கப்பட்டே விட்டுட்டான்."

டாக்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன்.

"அடுப்படியில ஜன்னல் இருக்கா?"

"ஜன்னல் வச்சா பூனை வருங்க" என்றாள் அக்கா.

"பூனை வந்தா பால்தாம்மா போகும்."

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். கொல்லன் பட்டறையில் துருத்தி பார்த்திருப்பீர்களே, அதன் தோல் தளர்ந்துபோனால் காற்று உள்ளே போகும், வெளியே தள்ளத் தெம்பு இருக்காது. நாயகியின் நுரையீரல் அப்படி ஆகிவிட்டது. பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுவதால் புதுக் காற்றுக்கு இடமில்லை. மூச்சுக்குழல்களும் வருடக்கணக்கான புகையில் வீங்கிச் சளி கட்டிக் குறுகிப்போய்விட்டன. அந்த நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயம் களைத்துவிட்டது, அதனால்தான் கால் வீங்குகிறது. இதற்கு இங்கிலீஷில் இரண்டு பெயர் சொன்னார். எனக்குத் துருத்திதான் நினைவில் நின்றது.

"போன நுரையீரலை என்னால திருப்பித் தர முடியாது. இருக்கிறதை வச்சு ஓட்டலாம். ஆனா மறுபடி அந்தப் புகைக்குள்ள போனாங்கன்னா, அடுத்த தடவை நான் கையை விரிக்கிறாப்புல ஆயிரும். வீட்டுக் காத்தை மாத்துங்க. அதான் மருந்து."

அவள் வார்டில் இருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். ஒரு கிடாரிக் கன்றை விற்றேன். பெரிய வீதியில் ஸ்டவ் விற்கிற கடைக்கு எதிரே போய்விட்டு, உள்ளே நுழையக் கூச்சமாக இருந்ததால் திரும்பி வந்தேன். மறுபடி போனேன். கடைக்காரர் வெளியே வந்தார்.

"என்னண்ணே, அங்கிட்டும் இங்கிட்டும் போயிக்கிட்டே இருக்கீங்க. வேவு பாக்குறீங்களா, சாமான் வாங்குறீங்களா?"

உள்ளே போனேன். அவர் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காட்டினார். முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்த வேண்டும், குழல் சூடானதும் பம்ப் அடிக்க வேண்டும், அப்புறம் நீலத் தீ இரைச்சலோடு எரியும். அடுத்தது திரி ஸ்டவ். சத்தம் கிடையாது, விளக்கு ஏற்றுவது போல ஏற்றினால் போதும், ஆனால் சோறு வேக நேரமாகும். மூலையில் ஒரு மேஜை விசிறியும் இருந்தது. எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு பல்புதான்.

"இதை ஓட்டி விட்டா அடுப்படி குளுகுளுன்னு இருக்கும்ணே" என்றார்.

விசிறியைப் பற்றி அக்காவை விட்டு டாக்டரிடம் கேட்க வைத்தேன். புகை வெளியேற வழி இல்லாத அறையில் விசிறி போட்டால் புகை அறைக்குள்ளேயே சுற்றும் என்றார். எதிரெதிரே இரண்டு திறப்பு இருந்தால் விசிறி இல்லாமலே காற்று ஓடும் என்றார். அதனால் விசிறி வாங்கவில்லை. அடுப்படிச் சுவரில் எதிரெதிராக இரண்டு ஜன்னல் உடைத்து, பூனைக்குக் கம்பி அடித்தேன்.

அக்கா வந்து பேசியதால், இரண்டு ஸ்டவ்வையும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சம்மதித்தார். பிளாக் ஆபீஸ் கிராம சேவிகா வந்து மண்ணால் ஒரு புகையில்லா அடுப்பும் போட்டுக் கொடுத்தார். மூன்று வாய், பின்னால் சுட்ட மண் குழாய், அது ஓடுகளைத் தாண்டிக் கூரைக்கு மேலே நிற்கும். புகையெல்லாம் குழாய் வழியே வெளியே போய்விடும். விறகு பழைய விறகுதான்.

எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு ஒரு வழி தோன்றியது. வெள்ளைத் துண்டை நனைத்துப் பிழிந்து அடுப்புக்கு மேலே கயிற்றில் விரித்துக் கட்டினேன். கீழே ஒரு பானைச் சோறு வேக வைத்தேன். ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு துண்டு. பழைய அடுப்புத் துண்டு கறுத்துப்போயிற்று, விரலால் இழுத்தால் மை போல வந்தது. பம்ப் ஸ்டவ் துண்டு வெள்ளையாக இருந்தது, ஆனால் பற்றவைக்கும்போது நெடி. முற்றத்தில் வைத்துப் பற்றவைத்துப் பிறகு உள்ளே கொண்டுவந்தால் அது இல்லை. திரி ஸ்டவ்வில், திரிகள் ஏற்ற இறக்கமாக இருந்து தீ மஞ்சளாக எரிந்தபோது துண்டில் கரி விழுந்தது. எல்லாத் திரியையும் ஒரே மட்டமாகக் கத்தரித்தபின் தீ நீலமாகியது, துண்டும் சுத்தமாக இருந்தது. அணைக்கும்போதுதான் மண்ணெண்ணெய் வாடை வருகிறது, ஜன்னல் திறந்திருந்தால் போய்விடும். புகையில்லா அடுப்பின் துண்டில் வாய்ப்பக்கம் மட்டும் லேசாகக் கரி. மாதம் ஒருமுறை குழாய்க்குள் கயிற்றில் வைக்கோல் உருண்டையைக் கட்டி இறக்கிக் கரியைத் தட்ட வேண்டும். இல்லையென்றால் புகை திரும்பி வரும்.

அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். நாயகிக்கு அன்று மூக்குக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டில் கம்பியில் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டேன்.

நர்ஸ் வந்தார். "என்னங்க இது, வார்டுலயா துணி காயப் போடுறீங்க?"

அடுத்த கட்டில் கிழவி எட்டிப் பார்த்தாள். "பொண்டாட்டிக்குச் சீலை எடுத்தாந்திருக்காரு போல."

எனக்கு முகம் சுட்டது. நாயகிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. இருமி முடித்து, கறுத்த துண்டை எடுத்து மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுமா உள்ள போச்சு?"

"ஒரு வேளைச் சோத்துக்குத்தான் அது" என்றேன்.

அவள் துண்டை மடித்து வைத்தாள். பம்ப் ஸ்டவ் இரைச்சல் தனக்குப் பயம் என்றாள். காப்பிக்கும் வெந்நீருக்கும் திரி ஸ்டவ், சோற்றுக்கு மண் அடுப்பு, நெல் அவிப்பதை நானும் அக்காவும் வெளியே களத்தில் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். எல்லாம் பேசி முடித்தபின் கேட்டாள்:

"பொகை பூராம் கொழாய்ல போயிருச்சுன்னா பரணுக்கு?"

"வெதைக்கு வெயில் இருக்குல்ல" என்றேன்.

அவள் கறுத்த துண்டை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் சில மாதங்கள் நன்றாக இருந்தன. சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்திருந்தேன். அடுப்படியில் வெளிச்சம் விழுந்தது. "யாரு வீட்டுக்கோ வந்துட்டாப்புல இருக்கு" என்றாள். உதட்டில் நிறம் திரும்பியது. மகள் கைக்குழந்தையோடு வந்தபோது அவள் பேரனைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை நடந்து போனாள். ஊர்ப் பெண்கள் அடுப்பைப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி குழாயைத் தட்டிப் பார்த்து, "ஏங்க நாயகியக்கா, ஒங்க அடுப்புக்கு மூக்கு மொளைச்சிருக்கு" என்றாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெயிலைக் காணோம். ஒரு நாள் காலையில் சாணி மெழுகிய தரையில் மஞ்சளாக மாவு கொட்டிக் கிடந்தது. பரண் மூங்கிலை உளுப்பூச்சி அரித்திருந்தது. அத்தனை வருடப் புகையில் இரும்பாக இருந்த மூங்கில் அது. நாயகி ஒரு சோளக் கதிரை இறக்கி உள்ளங்கையில் தேய்த்தாள். உமிதான் மிஞ்சியது. அவரை விதைகளில் ஊசி குத்தியது போல ஓட்டைகள். செல்லக்கண்ணு என்று பக்கத்துத் தெருக்காரி பூசணி விதை கேட்டு வந்து, வழக்கம் போல முடிச்சை முகர்ந்து பார்த்தாள்.

"வாசமே இல்லையேக்கா."

கேலியாகவோ குறையாகவோ சொல்லவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். வாங்காமல் போய்விட்டாள்.

சில நாள் கழித்து நான் ஆலங்குடிச் சந்தைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். தூரத்தில் வரும்போதே எங்கள் ஓட்டு இடுக்கெல்லாம் புகை கசிந்துகொண்டிருந்தது. கூரைக்கு மேல் குழாயில் புகை இல்லை. உள்ளே ஓடினேன். நாயகி பின்வாசல் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதடு மறுபடி நாவல்பழ நிறத்தில் இருந்தது.

அக்கா மாட்டு வண்டியைக் கட்டச் சொல்லி ஊரையே கூட்டினாள். பஸ் வந்ததும் கண்டக்டர் முன்னால் இருந்தவர்களை எழுப்பி எங்களுக்கு இடம் கொடுத்தார். வழியில் யாருக்கும் நிறுத்தவில்லை.

அதே வார்டு, அதே இரும்பு உருளை. இந்தத் தடவை டாக்டர் துருத்திக் கதை எதுவும் சொல்லவில்லை. கால் வீக்கம் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. சிறுநீர் போக ஊசி போட்டார்கள். யார் கூப்பிட்டாலும் கண் திறக்காமல் இருந்த நாட்கள் உண்டு. மகள் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள், கைக்குழந்தையை உள்ளே விட மாட்டார்கள். அக்கா முதல் பஸ்ஸில் கஞ்சி கொண்டுவருவாள். அவள் பேச்சு அப்போது குறைந்துவிட்டது. நானும் அவளும் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருப்போம்.

நாயகிக்குப் பேச்சு திரும்பியதும் துண்டு துண்டாகச் சொன்னாள். நான் சந்தைக்குப் போனதும் குழாயின் அடிவாயில் நனைந்த சாக்கைத் திணித்திருக்கிறாள். பச்சை வேப்பங்கிளையும் கடலைத்தொலியும் போட்டு மூட்டம் போட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் சொன்னதை மறக்கவில்லை. ஒரு பொழுதுப் புகை போதும், தான் வெளியேதான் இருக்கப் போகிறோம் என்று நினைத்திருக்கிறாள். ஆனால் முடிச்சுகளைத் திருப்பிவிடாவிட்டால் ஒரு பக்கம்தான் புகை ஏறும். வாயில் சீலையைச் சுற்றிக்கொண்டு ஒருதரம் உள்ளே போய்த் திருப்பிவிட்டு வந்தாள். மறுபடி ஒருதரம்.

"ஆடிக்கு... வந்து கேப்பாங்கள்ல" என்றாள். "இல்லைன்னு... எப்புடிங்க சொல்றது?"

அவள் கையைப் பிடித்தேன். வார்டில் பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். அக்கா இல்லாமல் நான் போனேன். இனிமேல் ஓடியாடுவது முடியாது, கட்டிலும் ஜன்னலும்தான் என்றார். அடுத்த மழைக்காலத்தைப் பற்றிக் கேட்டேன். நானாகக் கேட்ட முதல் கேள்வி. அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார். "பாப்போம்" என்றார்.

அவளை வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முன் நானும் அக்காவும் தோட்டத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு சின்னக் குடிசை போட்டோம். மேல்காற்று அடித்தாலும் வாடைக்காற்று அடித்தாலும் அங்கிருந்து புகை வீட்டுப் பக்கம் வராது. "அக்கினி மூலை. சாமியே சொல்லி வச்ச எடம்" என்றாள் அக்கா. அதற்குள் ஒரு பழைய அடுப்பு, அதன்மேல் புதுப் பரண். ஆள் உள்ளே போகத் தேவையில்லை. வெளியிலிருந்தே கயிற்றை இழுத்தால் முடிச்சுகள் இறங்கும்படி கப்பி வைத்திருக்கிறேன்.

வராந்தாவில் என்னிடம் கேட்டவருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். ஜன்னல் வையுங்கள், எதிரெதிராக வையுங்கள். திரியை மட்டமாகக் கத்தரியுங்கள். குழாயைத் தட்டுங்கள். விசிறியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் தாயாரின் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் புகை உங்கள் வீட்டில் என்னென்ன வேலை பார்க்கிறது என்று கேளுங்கள். அந்த வேலைக்கு வேறு இடம் செய்து கொடுத்துவிட்டுப் பிறகு புகையை வெளியே அனுப்புங்கள். டாக்டரோ சேவிகாவோ கடைக்காரரோ நானோ இதை யோசிக்கவில்லை. நாயகி ஒருத்திதான் கேட்டாள்.

இப்போது சாயங்காலம் ஆனால் எங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. குடிசைப் பரணிலிருந்து ஒரு முடிச்சை இறக்கி, கொஞ்ச நேரம் வேலியில் காற்றாட விட்டு, பிறகு நாயகியிடம் கொண்டுவருவேன். அவள் அதை மூக்கருகே வைத்துப் பார்ப்பாள். உள்ளே இழுக்க மூச்சு அதிகம் இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். இன்னும் புகை வேண்டுமா, போதுமா என்று சொல்வாள். பிறகு என்னிடம் நீட்டுவாள்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க. பழகிக்கிறணும்."

முதல் நாட்களில் எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. எல்லாம் புகையாகத்தான் மணத்தது. பச்சைப் புகைக்கும் ஊறிய புகைக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்தாள். பச்சைப் புகை கண்ணைத்தான் முதலில் தொடும். ஊறியது தொண்டைக்குள் லேசாக இனிக்கும். இன்ன முடிச்சு செல்லக்கண்ணுக்கு, இன்னது கீரனூர் ரோட்டுக்காரிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். அடுத்த ஆடிக்கு மட்டும் இல்லாமல் அதற்கு அடுத்த ஆடிக்கும் சேர்த்துக் கட்டச் சொன்னாள். நான் நூலைப் பிடித்துக்கொண்டேன், அவள் முடிச்சுப் போட்டாள்.

ஒரு நாள் பீர்க்கு விதை முடிச்சைக் கொடுத்தாள். முகர்ந்தேன். தொண்டையில் இனித்தது. தெரிந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலை" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் தொங்கட்டுமா?"

அவள் முடிச்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் நான் தப்பாகவே சொல்லி வருகிறேன். அவளும் தினமும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கிறாள். நேற்று மட்டும் முடிச்சைத் திருப்பித் தரும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டே தப்பாச் சொல்றீங்க" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, நாளைக்கும் கொண்டாங்க" என்றாள்.